ஹெபடைடிஸ் பி இருக்கிறது, ஆனால் மருந்து வேண்டாம் என்கிறார் மருத்துவர். ஏன்?

கருங்கலில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு 26 வயது. சவூதி வேலைக்காக மெடிக்கல் எடுத்தபோது ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்து அன்ஃபிட் ஆக்கிவிட்டார்கள். நாகர்கோவிலில் பார்த்த ஈரல் மருத்துவர் ரத்தமும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். ஊரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசான் ஒருவரோ, உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்துபோனதால்தான் கிருமி தங்கிவிட்டது, கீழாநெல்லி சேர்த்த சூரணம் ஒரு மண்டலம் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி கூடி கிருமி தானாகப் போய்விடும் என்கிறார். இதற்கிடையில் அம்மா தம்பிக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் எடுத்து வைத்துவிட்டார். இரண்டு பேரில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கிருமி உள்ளே இருக்கிறது என்று சொல்லும் அதே வாய் மருந்து வேண்டாம் என்றும் சொன்னால், கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளா, பயப்பட ஒன்றுமில்லை என்று பொருளா?

இரண்டுமே இல்லை. அதைப் புரியவைக்கக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் என்னைப் பற்றி ஒரு வரி: நான் குலசேகரம் பக்கத்துக்காரன். ஈரல் நோயில் நம் எதிர்ப்பு அணுக்கள் என்ன செய்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதே பல வருஷமாக என் வேலை. நோயாளிக்கு மருந்து எழுதிக்கொடுக்கும் மருத்துவன் நான் இல்லை. ஆகவே உங்கள் தம்பிக்கு இன்ன மாத்திரை கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய ரிப்போர்ட்டை நான் பார்க்கவும் இல்லை. அந்த மருத்துவர் எதை வைத்து அப்படிச் சொல்லியிருப்பார் என்பதையும், ஆசானுடைய வாதம் எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதையும் சொல்லலாம்.

நாம் எல்லாருமே ஆசானைப் போலத்தான் யோசிக்கிறோம். கிருமி வந்தது, ஈரலைத் தின்கிறது, எதிர்ப்பு சக்தி அதோடு சண்டை போடுகிறது, சண்டையில் தோற்றால் நோய். சளிக் காய்ச்சலுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரி. ஹெபடைடிஸ் பி-க்கு இது தலைகீழ். இந்த வைரஸ் ஈரல் அணுவுக்குள் புகுந்து, அங்கேயே உட்கார்ந்து, தன்னைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து வெளியே விடும். ஆனால் அந்த அணுவைப் பெரும்பாலும் கொல்லாது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன், ஆனால் வீட்டை இடிக்கிறவன் இல்லை. வீட்டை இடிப்பது அவனைப் பிடிக்க வரும் நம்முடைய படை. டி அணுக்கள் என்று சொல்லும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, வைரஸ் தங்கியிருக்கும் ஈரல் அணுவை அடையாளம் கண்டு, அந்த அணுவையே அழிக்கும். கண் மஞ்சளாவதும், ஈரல் அணு சேதமாகும்போது கசியும் எஸ்ஜிபிடி என்ற நொதி ரத்தத்தில் ஏறுவதும், வருஷக்கணக்கில் நீடித்தால் ஈரல் தழும்பாகிச் சுருங்குவதும் பெரும்பாலும் இந்தச் சண்டையின் சேதம்.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் சிசாரி என்ற ஆய்வாளரின் குழு, பிறவியிலேயே ஹெபடைடிஸ் பி-யின் மரபணுத் துண்டுகளைச் சுமக்கும் எலிகளை உருவாக்கியது. பெரும்பாலான எலிகளின் ஈரல் வைரஸ் புரதத்தை உற்பத்தி செய்துகொண்டே ஆரோக்கியமாக இருந்தது. அந்தப் புரதத்தை எதிர்க்கப் பழக்கிய டி அணுக்களை வெளியிலிருந்து ஊசி மூலம் ஏற்றியபோதுதான் ஈரல் அழற்சி வந்தது. மனிதர்களிடமும் இதற்கு ஒரு சாட்சி உண்டு, எனக்கு அதுதான் இன்னும் அழுத்தமாகப் படுகிறது. இந்த வைரஸ் உள்ள ஒருவருக்குப் புற்றுநோய்க்குக் கீமோ கொடுத்தால், எதிர்ப்பு அணுக்கள் அடங்கிப்போகும். அப்போது வைரஸ் தாறுமாறாகப் பெருகும், ஆனால் பல பேருக்கு அந்தக் கட்டத்தில் ஈரல் ஒன்றும் சொல்லாது. கீமோ முடிந்து எதிர்ப்பு அணுக்கள் திரும்பி வந்து, வீடு நிறையக் குடித்தனக்காரர்களைப் பார்த்ததும்தான் ஈரல் பற்றி எரியும். சிலர் அதில் உயிரையே விட்டிருக்கிறார்கள். அதனால்தான் இப்போது கீமோவுக்கும், எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையை அழிக்கும் ரிட்டக்சிமாப் போன்ற மருந்துகளுக்கும் முன்னால் ஹெபடைடிஸ் பி சோதனை எடுக்கிறார்கள். உங்கள் தம்பி வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருக்க வேண்டிய விஷயம் இது: எந்த நோய்க்கு எந்த மருத்துவரிடம் போனாலும், ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வேறு மருந்தோ தொடங்கும் முன், எனக்கு ஹெபடைடிஸ் பி உண்டு என்று சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் படை ஏன் சும்மா இருக்கிறது? இங்கேதான் ஈரலின் குணம் வருகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் முதலில் ஈரலுக்குள் நுழைகிறது. ஈரலுக்குக் கிடைக்கும் ரத்தத்தில் முக்கால் பங்கு இந்த வழியாக வருவதுதான். காலையில் தின்ற புட்டும் பயறும், மத்தியானத்து மீன்குழம்பும், குடலில் வாழும் கோடிக்கணக்கான கிருமிகளின் துணுக்குகளும் எல்லாம் அந்த வழிதான். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை சோதனைச் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, சரக்கை இறக்கி, டிரைவரை அடித்தால் என்ன ஆகும்? மார்த்தாண்டம் பாலம் வரை வண்டி நிற்கும். அந்தச் சாவடியில் நிற்கிறவனுக்குக் கொஞ்சம் கண்டும் காணாமல் இருக்கத் தெரிய வேண்டும். ஈரல் அப்படிப் பழகிய உறுப்பு. 1969-இல் ராய் கால்ன் என்ற அறுவை மருத்துவர் கேம்பிரிட்ஜில் பன்றிகளுக்கு ஈரல் மாற்றிப் பார்த்தார். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து இல்லாமலே பல பன்றிகளின் உடம்பு அந்நிய ஈரலை ஏற்றுக்கொண்டது. சிறுநீரகத்திலோ தோலிலோ அப்படி நடப்பதில்லை. அந்தப் பொறுமையை ஹெபடைடிஸ் பி பயன்படுத்திக்கொள்கிறது.

வைரஸ் தன் பங்குக்கு ஒரு தந்திரமும் வைத்திருக்கிறது. அதன் மேல் சட்டையில் இருக்கும் புரதம்தான் எச்பிஎஸ்ஏஜி, தம்பியின் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்த அதே பொருள். ஈரல் அணு இந்தச் சட்டையை வைரஸுக்குத் தேவையான அளவு மட்டும் தைப்பதில்லை. ஒரு முழு வைரஸுக்கு ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சம் வரைகூட, உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுச் சட்டை உருண்டைகள் ரத்தத்தில் மிதக்கும். சாவடிக்கு ஒரே நம்பர் பலகையோடு லட்சம் காலி லாரிகள் வந்தால், சரக்கு லாரியை எங்கே பிடிப்பது? வருஷக்கணக்கில் அதையே பார்த்துப் பார்த்து டி அணுக்கள் களைத்துவிடுகின்றன. களைப்பு என்பது என் உவமை இல்லை, ஆய்விலும் அதே பொருள் தரும் சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். ஆசான் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்றால் இங்கேதான். ஆனால் இது தம்பியின் உடம்பு பலவீனம் என்பதில்லை. அவருக்குச் சளி வந்தால் குணமாகிறது, கைவெட்டு ஆறுகிறது. இந்த ஒரே ஒரு வைரஸைப் பார்க்கும்போது மட்டும் படை கையைக் கட்டிக்கொள்கிறது. நாட்டில் பொதுவாகப் போலீஸைக் கூட்டினால் இது தீராது.

யாருக்கு இப்படி ஆகிறது என்பது தொற்று வந்த வயதைப் பொறுத்தது. நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கு இந்த வைரஸ் வந்தால் நூற்றில் ஐந்துக்கும் குறைவான பேருக்குத்தான் தங்கும். மற்றவர்கள் சில மாதத்தில் துடைத்துவிடுவார்கள், சிலருக்குக் காமாலை வரும், சிலருக்கு வந்ததே தெரியாது. பிறந்த குழந்தைக்கு வந்தாலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடும். அந்தக் குழந்தையின் எதிர்ப்பு அமைப்பு எது தன்னுடையது, எது அந்நியம் என்று பாடம் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதுவும் வகுப்பில் உட்கார்ந்திருப்பதால், வீட்டுக்காரன் என்று நினைத்துவிடுகிறது என்பது பொதுவான விளக்கம். இந்த விளக்கம் எவ்வளவு தூரம் சரி என்பதில் இப்போது சச்சரவு இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன். 90, 5 என்ற கணக்கில் மட்டும் சச்சரவு இல்லை. உங்கள் தம்பிக்கு 26 வயது என்றால், நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லா இடத்திலும் வழக்கமாவதற்கு முன்னால் பிறந்தவர். தேசம் முழுக்க அது 2011-இல்தான் பரவலானது. ஆகவே அவருக்கு இது சிறு வயதிலேயே வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நோயைக் கேட்டதும் ஊர் வாய் உடனே பையனின் நடத்தை பக்கம் போகும். அந்தப் பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள்.

இப்போது மருத்துவரின் அந்த வாக்கியத்துக்கு வரலாம். இன்றைக்கு நம்மிடம் உள்ள மாத்திரைகள் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்றவை. வைரஸ் தன்னைப் பிரதி எடுப்பதை அவை நிறுத்தும், மிக நன்றாகவே நிறுத்தும். பல பேருக்கு ரத்தத்தில் வைரஸைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறையும், ஈரல் தழும்பும் வருஷங்கள் போகப்போக மெல்லக் கரையும். ஆனால் ஈரல் அணுவின் மையத்துக்குள் வைரஸ் ஒரு மூலப் பத்திரத்தை வைத்திருக்கிறது, வட்டமாகச் சுருண்ட ஒரு டிஎன்ஏ. பிரதிகளைக் கிழித்தாலும் மூலப் பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு மறுபடி பிரதி ஓட ஆரம்பிக்கும். எனவே தொடங்கினால் பல வருஷம், பலருக்கு ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். சண்டையே நடக்காத ஈரலுக்கு அதை ஏன் ஏற்ற வேண்டும் என்பதுதான் காத்திருக்கச் சொல்வதன் தர்க்கம். எஸ்ஜிபிடி சரியாக இருந்து, ரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏ ஒரு மில்லிலிட்டருக்கு 2000 யூனிட்டுக்குக் கீழே இருந்து, ஸ்கேனில் தழும்பு இல்லை என்றால், அந்த ஈரல் இப்போது அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி உடைகிறதா என்று பார்க்கத்தான் ஆறு மாதம் கழித்து வரச் சொல்வது. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். மாத்திரை இல்லை என்பதற்காக அந்தத் தேதியைத் தவறவிடுகிறவர்கள்தான் பத்து வருஷம் கழித்து வயிறு வீங்கி வருகிறார்கள்.

தழும்பு என்று சொன்னேன். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்குவது எளிது. ரப்பர் மரத்தில் கை பழகிய வெட்டுக்காரர் பட்டையை மட்டும் சீவினால், சில வருஷத்தில் அங்கே புதுப் பட்டை வந்துவிடும், மறுபடி அதில் பால் எடுக்கலாம். கத்தி தடியில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அதில் பால் இல்லை. ஈரலுக்கும் திரும்ப வளரும் சக்தி அபாரம். எப்போதாவது ஒரு கீறல் என்றால் ஆறிவிடும். வருஷக்கணக்கில் மெல்லிய அழற்சி ஒரே இடத்தைக் கிளறிக்கொண்டே இருந்தால் முடிச்சு முடிச்சாக ஆகும். சிரோசிஸ் என்பது அதுதான். மதுவும் கூடச் சேர்ந்தால் இரண்டு கத்தி ஒரே மரத்தில். குடிப்பழக்கம் இருந்தால் தம்பி அதை நிறுத்துவது எந்தச் சூரணத்தையும்விடப் பெரிய மருந்து. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

இதுவரை சொன்னது ஏறக்குறைய உறுதியானது. உறுதி குறைந்த பகுதி அடுத்தது. வைரஸ் நிறைய இருந்தும் எஸ்ஜிபிடி சரியாக இருக்கும் இளம் வயதினரை, எதிர்ப்பு அமைப்பு வைரஸைப் பொறுத்துக்கொள்ளும் கட்டம் என்று பாடப் புத்தகங்கள் ரொம்ப நாளாகச் சொல்லி வந்தன. கடந்த பத்துப் பதினைந்து வருஷ ஆய்வுகள் அதைக் கேள்வி கேட்டன. அந்த இளைஞர்களின் ஈரலிலும் சத்தமில்லாமல் ஏதோ நடக்கிறது, வைரஸின் துண்டுகள் ஈரல் அணுவின் டிஎன்ஏ-வுக்குள் ஒட்டிக்கொள்வது அப்போதே தொடங்கிவிடுகிறது என்று காட்டின. ஈரல் புற்றுநோய்க்கு அந்த ஒட்டுதலும் ஒரு காரணம் என்பதால், இந்த வைரஸில் சிரோசிஸ் வராமலே புற்றுநோய் வருவதும் உண்டு. ஐரோப்பிய ஈரல் சங்கம் 2017-இல் அந்தக் கட்டத்தின் பெயரையே மாற்றிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மருந்து தொடங்கும் வாசலை அகலத் திறந்திருக்கிறது: டிஎன்ஏ 2000-க்கு மேல் இருந்து, எஸ்ஜிபிடி ஆண்களுக்கு 30-க்கு மேல், பெண்களுக்கு 19-க்கு மேல் இருந்தாலே மருந்தை யோசிக்கலாம். தழும்பு இருந்தாலோ, குடும்பத்தில் ஈரல் புற்றுநோயோ சிரோசிஸோ இருந்தாலோ, சர்க்கரை நோயோ கொழுப்பு ஈரலோ கூட இருந்தாலோ, அந்த எண்களைப் பார்க்காமலே யோசிக்கலாம். நம் ஊர் லேப்களில் எஸ்ஜிபிடி 40 வரை நார்மல் என்றுதான் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து நிம்மதியடைந்தவர்கள் எத்தனை பேரோ.

ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னது சரியா என்று கேட்டால், சரியாக இருக்கலாம், ஆனால் எந்த எண்ணை வைத்துச் சொன்னார் என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும். வைரஸ் டிஎன்ஏ எவ்வளவு, வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் இ-ஆன்டிஜென் பாசிட்டிவா நெகட்டிவா, எஸ்ஜிபிடி எத்தனை, தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தாரா, குடும்பத்தில் யாருக்காவது ஈரல் நோய் உண்டா என்று கேட்டாரா. டிஎன்ஏ சோதனை எடுக்காமலே மருந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அந்தப் பேச்சு பாதியில் நிற்கிறது. தனியாரில் அந்தச் சோதனைக்குப் பணம் கணிசமாக ஆகும். மத்திய அரசின் ஈரல் அழற்சித் திட்டம் 2018 முதல் நடப்பில் இருக்கிறது; சோதனையும் மாத்திரையும் அதில் இலவசம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள்.

இனி கீழாநெல்லி. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு பக்கமும் சாய மனசில்லை, ஏனென்றால் நான் அதைக் குடித்து வளர்ந்தவன். ஒன்பது வயதில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. பாட்டி கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அம்மியில் அரைத்து மோரில் கலக்கித் தந்தார், உப்பில்லாத கஞ்சி, மீன் கிடையாது. மூன்று வாரத்தில் கண் வெளுத்தது, நான் பள்ளிக்கூடம் போனேன். பாட்டியின் பெயர் ஊரில் நாலு பேருக்குத் தெரிய என் ஈரலும் ஒரு காரணம். பிறகு படித்தபோதுதான் புரிந்தது: அந்த வயதில், கிணற்றுத் தண்ணீர் குடித்த பையனுக்கு வந்தது அநேகமாக ஹெபடைடிஸ் ஏ. அது தண்ணீரில் வருவது, ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் சில வாரத்தில் தானாகவே தீர்வது, உடம்பில் தங்குவதே இல்லை. கீழாநெல்லி குடித்தாலும் தீரும், குடிக்காவிட்டாலும் தீரும். காமாலை என்ற ஒரே பெயருக்குள் ஐந்தாறு நோய்கள் ஒளிந்திருப்பதால், தானாகத் தீரும் நோயின் புகழ், தீராத நோயின் மருந்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கீழாநெல்லியை விஞ்ஞானம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்வது தவறு. இந்த வைரஸின் அடையாளத்தைக் கண்டுபிடித்தவரே அதை எடுத்து ஆராய்ந்தார். பரூக் புளூம்பெர்க் என்ற அமெரிக்கர் ஈரலைத் தேடிப் போனவர் இல்லை. மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பல தடவை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளியின் ரத்தத்தில் இருந்த எதிர்பொருள் (ஆன்டிபாடி), ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்றைப் பிடித்தது. 1965-இல் அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார். அது ஈரல் அழற்சி வைரஸின் சட்டை என்பது அடுத்த சில வருஷங்களில்தான் தெளிந்தது. தம்பிக்கு மெடிக்கலில் எடுத்த சோதனை அதன் பேரன்தான். பழைய லேப்காரர்கள் இன்றும் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்றே சொல்வார்கள். 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜூலை 28, உலக ஈரல் அழற்சி நாள், அவர் பிறந்த நாள்.

அந்தப் புளூம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் மற்றவர்களும் சேர்ந்து 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வைரஸ் தங்கியவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். அன்றைக்கு அது பெரிய செய்தி, இன்றைக்கும் இருந்திருக்கும். உங்கள் ஆசானுடைய நம்பிக்கை வெறும் காற்றில் வந்ததில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். துரதிர்ஷ்டம், மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த 22 பேர் திரும்ப வரவில்லை. தாய்லாந்தில் பயன் தெரியவில்லை. 2011-இல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த அலசலும் நம்பும்படியான சான்று இல்லை என்றே முடித்தது. சென்னையில் ஏன் வந்தது, மற்ற இடத்தில் ஏன் வரவில்லை? செடியின் இனம் வேறு, மண் வேறு, பறித்த காலம் வேறு என்பார்கள் ஒரு பக்கத்தார். சிறிய முதற்கட்ட ஆய்வு, அதில் தற்செயலுக்கு இடம் அதிகம் என்பார்கள் மறுபக்கத்தார். நான் இரண்டாம் பக்கம் சாய்கிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த முடிவை ஒருவரும் உறுதியாகத் திரும்பக் காட்ட முடியவில்லை என்பதே எனக்குப் போதும்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்பதில் எனக்கு இன்னொரு தயக்கமும் இருக்கிறது. கோவிட் காலத்தில் சீந்தில் கஷாயம் வீட்டுக்கு வீடு ஓடியது நினைவிருக்கும். அதன் பிறகு ஈரல் மருத்துவர்களிடம் ஒரு வகை நோயாளிகள் வந்தார்கள், தன் ஈரலைத் தன் படையே தாக்கும் அழற்சியோடு. இந்தியாவில் 13 மருத்துவமனைகளில் இருந்து அப்படி 43 பேரைப் பற்றி 2022-இல் கட்டுரை வந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை, வேறு செடியோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் என்றது. எவ்வளவு பேர் குடித்தார்கள் என்ற கணக்கு இல்லாமல் ஆபத்து எவ்வளவு என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் கண்கூடு. என் கவலை பொதுவானது: ஹெபடைடிஸ் பி தங்கிய ஈரலில் படையைக் கண்மூடித்தனமாக உசுப்பினால் அடி விழுவது ஈரலுக்கு. நவீன மருத்துவத்திலும் இன்டர்ஃபெரான் ஊசி போட்டு அதைத்தான் செய்கிறார்கள், சுமார் 48 வாரம், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே. அப்போதும் சிலருக்கு எஸ்ஜிபிடி எகிறும், கைதேர்ந்தவர்களே வியர்ப்பார்கள். சூரணத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஆசான் எழுதித் தரத் தயாரா என்று கேளுங்கள். தந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். தர மாட்டேன் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சவூதி விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் இதில் பணம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். வளைகுடா மெடிக்கலில் பார்ப்பது அந்த எச்பிஎஸ்ஏஜி சட்டையை. மாத்திரை வைரஸின் பிரதியைக் குறைக்குமே தவிர, சட்டையை அவ்வளவு எளிதில் மறையவைக்காது. மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்குப் போலத்தான் அது தானாக மறைகிறது. எனவே மூன்று மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், ஆங்கில மருந்தோ நாட்டு மருந்தோ, ஏஜென்ட்டோ, நம்பாதீர்கள். அந்த அன்ஃபிட் என்பது அந்த நாடுகள் வைத்துக்கொண்ட விதி. உழைக்கத் தெம்பில்லாதவன் என்று தம்பிக்கு யாரும் கொடுத்த சான்றிதழ் இல்லை அது. சட்டையையே மறையவைக்கும் மருந்துகளும் சோதனையில் இருக்கின்றன. பெபிரோவிர்சன் என்ற ஊசியில் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் பத்தில் ஒருவருக்கு அது மறைந்திருந்தது என்று 2022-இல் முடிவு வந்தது. பத்தில் ஒன்று என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். நூற்றில் ஒன்றைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது சின்னதில்லை.

கடைசியாக அந்தத் தட்டு. அதை இன்றைக்கே எடுத்து மற்றத் தட்டுகளோடு சேர்த்துவிடுங்கள். இந்த வைரஸ் சோற்றிலோ தண்ணீரிலோ கட்டிப்பிடிப்பதிலோ பரவாது. ரத்தத்தில், உடலுறவில், பிரசவத்தில் பரவும். பிரித்து வைக்க வேண்டியது சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, இவை மட்டும்தான். காய்ந்த ரத்தத்தில்கூட இது ஒரு வாரம் உயிரோடு இருக்கும். தம்பிக்குக் கல்யாணம் பேசும்போது பெண்ணுக்கு முன்கூட்டியே மூன்று ஊசி போட்டு, ரத்தத்தில் எதிர்பொருள் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டால் அவருக்குப் பயமில்லை. குழந்தைக்கும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி.

அதற்கு முன் வீட்டில் எல்லாரும் சோதனை எடுக்க வேண்டும், அம்மாவும் சேர்த்து. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிறு வயதிலேயே வந்திருந்தால் அது பிரசவத்தில் வந்திருக்கலாம், அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிய காயத்தில் வந்திருக்கலாம், சரியாகக் கொதிக்கவைக்காத ஊசியில் வந்திருக்கலாம். அம்மாவுக்கும் பாசிட்டிவ் என்று வந்தால், தனித் தட்டு வைத்த அதே கை இனி தன்னைத்தான் குற்றம் சொல்லும். அவருக்கும் இது யாரிடமிருந்தோ வந்ததுதான், பெரும்பாலும் அவருடைய அம்மாவிடமிருந்து. அப்போது ஊசியும் இல்லை, சோதனையும் இல்லை. அதனால் எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே லேப்பில் எடுங்கள், யாருக்கு முதலில் வந்தது என்ற பேச்சை எடுக்காமல். அவருக்கும் இருந்தால் அவருடைய வயதில் ஈரலை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும், தம்பிக்கு முன்னால் அவருக்கே மருந்து தேவைப்படலாம். நெகட்டிவ் வந்து எதிர்பொருளும் இல்லாதவர்களுக்கு அன்றைக்கே முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. தம்பியின் டிஎன்ஏ, எஸ்ஜிபிடி எண்கள் கையில் வந்தால், பெயரை மறைத்து இங்கேயே போடுங்கள். அந்த எண்களின் பொருள் என்ன, மருத்துவரிடம் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.